சாமி என்றால் நடப்பார்கள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் பெரிய மனது பண்ணி 'உடல்நலக் குறைவு' என்று போட்டுவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. பயம்... அவ்வளவுதான். எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட ஓடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ தகரக் கதவைச் சாத்தினால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் எனக்கும் கொஞ்சம் இறங்கும்.

தீபாவளிக்கு முன்னால் வரும் இதழுக்கு நரகாசுரனைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். எத்தனை வருஷமாகத்தான் அதே பூமாதேவி, அதே எண்ணெய்க் குளியல் என்று எழுதுவது? பட்டாசு செய்கிற இடத்தையே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. என் தங்கை சொர்ணம் இருப்பது சிவகாசிக்குப் பக்கம், விஸ்வநத்தத்தில். அவள் புருஷன் வேலுச்சாமி அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். சொர்ணமும் அதே கம்பெனியில்தான். திரி வெட்டும் பெண்களை மேற்பார்வை பார்க்கிறாள்.

விருதுநகரில் ரயிலைவிட்டு இறங்கும்போதே தூறல். ஐப்பசி மழை. பஸ்ஸில் வந்த அத்தனை பேர் முகத்திலும் கவலை. விவசாயி 'இன்னும் பெய்யட்டும்' என்கிறான். பட்டாசுக்காரன் 'நில்லு தாயே' என்கிறான். ஒரே பஸ்ஸில் இரண்டு பிரார்த்தனை! வருண பகவான் பாடு திண்டாட்டம்தான்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை என்னைக் கம்பெனிக்குள் அழைத்துப் போனார். செருப்பை வாசலிலேயே விட்டாகிவிட்டது. கம்பெனி என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. முள்வேலி போட்ட பொட்டல். தள்ளித் தள்ளி ஓட்டுக் கொட்டகைகள். வாசலுக்குப் பக்கத்தில் ஆண்கள் வேலை செய்யும் கொட்டகை; வேலியின் கோடியில் பெண்கள் கொட்டகை. இரண்டுக்கும் நடுவில், தனியாக, மருந்து கலக்கும் ஒரு சின்ன அறை. வாசலுக்கு வர ஒரே ஒரு மண்பாதைதான். அது அந்த அறையை ஒட்டித்தான் வருகிறது.

"வடக்க போற கடைசி லோடு, மச்சான். மழையில காயமாட்டேங்குது. ஆர்டர்காரன் தந்தி மேல தந்தி அடிக்கான்" என்று பேசிக்கொண்டே வந்தவர், அந்தச் சின்ன அறை வாசலில் நின்றுவிட்டார்.

மூக்கைச் சுளித்தார். எனக்கும் வாடை தெரிந்தது. மாட்டுத் தொழுவத்தில் அடிக்குமே, கண்ணைக் கரிக்கிற நெடி... அது.

உள்ளே யாரும் இல்லை. மூலையில் ஒரு மரத்தொட்டி, மேலே சாக்கு. கூரையில் ஓர் ஓடு விலகியிருந்தது. சொட்டு... சொட்டு... சாக்கின் ஒரு பக்கம் நனைந்து கறுத்திருந்தது.

மாப்பிள்ளை குனிந்து, தொட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தில் வைப்போமே, அப்படி. உடனே எடுத்துக்கொண்டார். என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"மச்சான், மருந்து சூடேறுது."

"அப்படின்னா?"

"அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கலந்தது. ஈரம் பட்டா தன்னால கொதிக்கும். கொதிச்சுக் கொதிச்சு..." முடிக்கவில்லை.

"தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டால்?"

"தண்ணி பட்டுத்தான இந்தக் கூத்து? இனிமே ஊத்தினா என்ன ஆகும்னு யாரு கண்டா?"

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியாது. இப்பவே போகலாம். போகாமலும் இருக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். 'ஓடுங்கள்' என்று கத்தத்தான். வேறென்ன தோன்றும்? நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். மாப்பிள்ளை என் வாயைப் பொத்தினார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

"கத்தாதீக. ஒவ்வொருத்தர் மடியிலயும் மருந்துத் தட்டு இருக்கு. தீன்னு ஒரு வார்த்தை சொன்னா தட்டைப் போட்டுட்டு ஓடுவாக. ஒரு தட்டு விழுந்து உரசினாப் போதும். முன்ன வேற ஒரு இடத்துல அப்படித்தான் ஆச்சு. தீயில செத்தவுகளவிட ஓட்டத்துல செத்தவுக சாஸ்தி." மூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "எங்கூட வாங்க. முகத்தைச் சிரிச்சாப்புல வச்சுக்கிடுங்க."

சிரித்த முகமாக! முதுகுக்குப் பின்னால் எமன் உலை வைத்துக்கொண்டிருக்கிறான். சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பை என் முகம் இனிமேல் சிரிக்க வேண்டாம்.

ஆண்கள் கொட்டகை வாசலில் நின்று மாப்பிள்ளை கைதட்டினார்.

"ஏலே, எல்லாரும் வேலையை நிப்பாட்டுங்க. ரோட்டுக்கு அங்கிட்டு கண்மாய்க்கரை அம்மனுக்குப் பூசை. மழை நிக்கணும்னு மொதலாளி வேண்டிக்கிட்டாகளாம். கையில இருக்கிறத மெல்ல கீழ வச்சுட்டு, கைகால் கழுவிட்டு, வரிசையா வாங்க."

"லோடு நிக்கிது, இப்ப போயி பூசையா?" என்று முனகினார் ஒருவர்.

"மழை நின்னாத்தானப்பா லோடு."

எழுந்தார்கள். துண்டை உதறிக் கட்டினார்கள். வாசலோரத் தண்ணீர்த் தொட்டியில் நிதானமாகக் கை கழுவினார்கள். ஒரு பெரியவர் மட்டும், "இந்த ஒரு தட்டை முடிச்சிட்டு வந்துர்றேன் வேலுச்சாமி" என்று உட்கார்ந்தேயிருந்தார். மாப்பிள்ளை அவர் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, தட்டை அவர் கையிலிருந்து வாங்கி, பூ வைப்பதுபோலத் தரையில் வைத்தார். "சாமி காத்துக்கிட்டு இருக்கு, பெரியப்பா" என்றார். குரல் பிசிறவில்லை. ஆனால் அவர் சட்டையின் முதுகுப்பக்கம் முழுக்க வியர்வையில் ஒட்டியிருந்ததைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன்.

அவர்களை வாசல் பக்கம் அனுப்பிவிட்டு, நாங்கள் பெண்கள் கொட்டகைக்குப் போனோம். அந்தச் சின்ன அறையை ஒட்டித்தான் போக வேண்டும். நெடி இப்போது இன்னும் காரமாக இருந்தது.

உள்ளே பெண்கள் பேச்சும் சிரிப்புமாக இருந்தார்கள். கத்தரியும் திரியுமாகக் கை ஓடிக்கொண்டிருந்தது. நிறைமாத வயிற்றோடு பாக்கியம் என்று ஒரு பெண், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நடுவில் என் தங்கை.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மறுபடி முயன்றார். "சொர்ணம்..." என்ற ஒரு வார்த்தை மட்டும் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா', 'ஏ, உன்னத்தான்' — அவ்வளவுதான். பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். சொர்ணம் சிரிக்கவில்லை. நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. என்னுடைய அழகான சிரிப்பையும் பார்த்திருப்பாள்.

எழுந்து வந்தாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"அவுகளுக்குத் தொண்டை கட்டியிருக்கு. என்னன்னு நான் கேட்டுச் சொல்றேன்."

அவர் அவள் காதில் என்னவோ சொன்னார். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். கண்கூட இமைக்கவில்லை.

"ஏ புள்ளைகளா, அம்மனுக்குப் பூசையாம். கத்தரியக் கீழ வைங்க. மெதுவா... சத்தமில்லாம. சேலையைத் தட்டாதீக, வெளிய போயித் தட்டிக்கிடலாம். பாக்கியம், நீ மொதல்ல நட. நீ நடக்கிற நடைக்குத்தான் எல்லாரும் வரணும். உன்னைய யாரும் முந்தக்கூடாது, ஆமா."

நிறைமாதக்காரியை முன்னால் விட்டால் யாராவது ஓட முடியுமா? அந்த நிமிஷத்தில் அது எப்படி அவளுக்குத் தோன்றியது?

மாப்பிள்ளை என்னிடம் திரும்பினார். குரல் கொஞ்சம் மீண்டிருந்தது. "நீங்க முன்ன போங்க மச்சான். ரோட்டைத் தாண்டி, கண்மாய்க்கரைக்கே கூட்டிட்டுப் போயிருங்க. யாரையும் திரும்பி வரவிடாதீக. சாமிகதை ஏதாவது சொல்லுங்க. நீங்க பேசினா நிப்பாக."

நடந்தோம். பாக்கியத்தின் நடைக்கு. அறை நெருங்கியது.

"என்னக்கா இப்படி நாறுது?" என்றாள் ஒருத்தி.

"வண்டி மாடு நின்னுச்சுல்ல. சேலையத் தூக்கிப் புடிச்சு நட" என்றாள் சொர்ணம் பின்னாலிருந்து. உடனே, "பூசைக்குப் போறோம், ஊமையாவா போறது? குலவை போடுங்கடி!" என்றாள்.

குலவை கிளம்பியது. நாக்கு சுழலச் சுழல, அத்தனை பெண்களும் ஒரே சத்தமாக... அந்தக் கதவைக் கடந்தோம். உள்ளே சாக்கின் விளிம்பிலிருந்து நூல்போல ஒரு புகை மேலே போய்க்கொண்டிருந்தது. பார்த்தது நானும், கடைசியில் வந்த அவர்கள் இருவரும்தான். குலவை போடும் கண்கள் பாதி மூடியிருக்கும். அது எவ்வளவு நல்லது!

ரோட்டைத் தாண்டிக் கண்மாய்க்கரை ஏறினோம். வேப்பமரத்தடியில் சின்னதாக ஓர் அம்மன். பூசாரியையே காணோம்!

"எங்க பூசை?" என்றார்கள் ஆண்கள்.

"பூசாரி வந்துகொண்டிருக்கிறார். அதுவரைக்கும் ஒரு கதை சொல்கிறேன்" என்றேன். என்ன கதை? மேடையில் ஏறினால் மணிக்கணக்காகப் பேசுகிற எனக்கு ஒரு சாமி பெயர்கூட ஞாபகம் வரவில்லை. கடைசியில் பாற்கடல் வந்தது. தேவர்களும் அசுரர்களும் அமுதம் கடைந்த கதை. மந்தரமலையை மத்தாக்கினார்கள், வாசுகிப் பாம்பைக் கயிறாக்கினார்கள், இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள், இழு, இழு...

பேசிக்கொண்டே கம்பெனி வாசலைப் பார்த்தேன். சொர்ணம் வந்துவிட்டாள். அவர் வரவில்லை.

"மாடசாமியக் காணோம்னு திரும்பப் போயிட்டாக" என்றாள் என் பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல். மாடசாமி மருந்து கலக்குகிறவன். சாப்பிட்டுவிட்டு எங்கேயோ ஒதுங்கியிருக்கிறான்.

"அப்புறம் என்னாச்சுங்க?" என்றார் தட்டுக்காரப் பெரியவர்.

அப்புறம் நஞ்சு வந்தது என்றேன். அமுதத்துக்கு முன்னால் ஆலகாலம் வந்தது. எல்லாரும் ஓடினார்கள். சிவபெருமான் மட்டும் அதை எடுத்து வாயில் போட்டார். விழுங்கினால் உள்ளே இருக்கிற உயிர்கள் போய்விடும். துப்பினால் வெளியே இருக்கிற உலகம் போய்விடும். பார்வதி ஓடி வந்து அவர் தொண்டையைப் பிடித்தாள். நஞ்சு அங்கேயே நின்றுவிட்டது...

இந்த வரிகளை எத்தனை ஊரில் சொல்லியிருக்கிறேன்! கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். அன்று சொல்லும்போதே எனக்கு நாக்கு குழறியது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு வார்த்தையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு மனுஷனையும், பக்கத்தில் வந்து அதைப் பிடித்துக்கொண்ட ஒரு மனுஷியையும் சற்று முன்னால்தானே பார்த்துவிட்டு வந்தேன்?

பாக்கியம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "ஒரு சந்தேகங்க" என்றாள். "அந்தப் பாம்பப் புடிச்சு ரெண்டு பக்கமும் இழுத்தாகளே, அதுக்கு வலிச்சிருக்காதா? வலி பொறுக்கமாட்டாமத்தான அது நஞ்சைக் கக்கியிருக்கும்? அதுக்கு அமுதத்துல பங்கு குடுத்தாகளா?"

நான் வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் வெடித்தது.

முதலில் தரை உதைத்தது. அப்புறம் சத்தம். கண்மாயில் நின்ற கொக்குகள் மொத்தமாக எழும்பின. ஓடுகள் ஆகாயத்தில் காகங்கள்போலச் சுற்றிச் சுற்றி விழுந்தன. இரண்டாவது சத்தம் ஆண்கள் கொட்டகை. அடுத்தது பெண்கள் கொட்டகை. கொஞ்சம் முன்பு இவர்கள் உட்கார்ந்திருந்த இடம்! வெள்ளைப் புகை வேலிக்கு மேலே எழுந்து, மழைக்காற்றில் எங்கள் பக்கம் சாய்ந்தது.

பெண்கள் அலறினார்கள். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை அவளால். ஆண்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். சொர்ணம் மட்டும் அசையவில்லை. தன் தொண்டையைத் தன் கையாலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புகையைப் பார்த்தபடி நின்றாள்.

"சொர்ணம்..." என்றேன்.

"பேசாதீக அண்ணே" என்றாள். "பேசினா நான் விழுந்துருவேன்."

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம்? தெரியாது. கேட்காதீர்கள். புகை கலைந்து வேலி தெரிந்தபோது, கம்பெனியின் பின்பக்கமிருந்து கண்மாய்க்கரை வழியாக இரண்டு உருவங்கள் வந்தன. ஒன்று இன்னொன்றைத் தோளில் தாங்கிக்கொண்டு... முள் கிழித்து இருவர் உடம்பும் ரத்தம். வேலிக்கு அப்பால் ஓடை ஓரத்தில் கண்ணயர்ந்து கிடந்திருக்கிறான் மாடசாமி. மாப்பிள்ளை அவனை எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடைக்குள் விழவும், மேலே வெடிக்கவும் சரியாக இருந்ததாம். ஓடு விழுந்து மாடசாமிக்குக் கால் முறிந்திருந்தது.

சொர்ணம் அப்போதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணில் அடித்து அழுதாள். அதுவரை பெருமாட்டிபோல நின்றவள், சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதாள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் நின்று, "என்ன சொல்ற? என்ன சொல்ற?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அவருக்குக் காது கேட்கவில்லை என்பது எங்களுக்கு அப்புறம்தான் புரிந்தது.

வலது காது மறுநாள் கேட்க ஆரம்பித்துவிட்டது. இடது காது இனிமேல் சந்தேகம்தான் என்கிறார் சாத்தூர் டாக்டர்.

அதற்கு மறுநாள் காலை, அந்த நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டேன். "மாப்பிள்ளை, தீபாவளிச் சேலை வந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருப்பார்களே? ஏன் பூசை என்று சொன்னீர்கள்?"

"சேலைன்னா ஓடுவாக, மச்சான்" என்றார். "தீன்னாலும் ஓடுவாக. சாமின்னாத்தான் நடப்பாக."

புராணத்தால் என்ன பிரயோஜனம், பண்டிகையால் என்ன பிரயோஜனம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. நானும் தத்துவம், உள்ளர்த்தம், சின்னம் என்று என்னென்னவோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். சாமி என்ற சொல்லுக்குக் கை கழுவுகிற பழக்கம், வரிசையில் நிற்கிற பழக்கம், நிறைமாதக்காரிக்கு வழி விடுகிற பழக்கம்... தலைமுறை தலைமுறையாக யார் யாரோ இந்த ஜனங்களின் காலில் பழக்கிவைத்த அந்த மெதுவான நடை இருக்கிறதே — அன்று அத்தனை பேரையும் காப்பாற்றியது அதுதான். இதைவிடப் பெரிய உள்ளர்த்தம் ஒன்று இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஆனால் நிம்மதியாக இதோடு முடித்துவிட முடியவில்லை. பாக்கியத்தின் கேள்வி கூடவே வருகிறது. வாசுகிக்குப் பங்கு கொடுத்தார்களா? எனக்குத் தெரிந்த பண்டிதர் ஒருவரிடம் கேட்டேன். "அப்படி யாரும் கேட்டதில்லையே" என்றார். கடைகிறவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்தான்.

முதலாளி பக்கத்து ஊரில் வேறு கொட்டகை பிடித்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை முதல் வேலை. எல்லாரும் போகிறார்கள். சொர்ணமும் போகிறாள்.

"பயமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"பயமில்லாமலா? ராத்திரி கண்ணை மூடினா அந்த நெடிதான் அடிக்கிது. வேற எங்க போக? பயத்தோடதான் போகணும்" என்றாள்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் தொழிலாளர் எல்லாரும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தட்டுக்காரப் பெரியவர்தான் பேசினார். "வேலுச்சாமி, அன்னைக்குப் பூசைன்னு சொல்லித்தான கூட்டிப் போன? சாமி பேரைச் சொல்லிட்டுச் செய்யாம இருக்கக் கூடாதுப்பா. செஞ்சிருவோம்."

எல்லாருமாகக் கண்மாய்க்கரைக்குப் போனோம். இந்தத் தடவை நிஜமாகவே பூசாரி இருந்தார். பொங்கல், தேங்காய், வேப்பிலை, பூ... எல்லாம் வைத்தாயிற்று. பொங்கலை யார் வீட்டிலோ பொங்கியே கொண்டுவந்துவிட்டார்கள். தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டு, "யாராவது கொளுத்துங்கய்யா" என்று பூசாரி தீப்பெட்டியை நீட்டினார்.

ஒருவர் கையும் நீளவில்லை.

தேசம் முழுக்கத் தீப்பெட்டியும் பட்டாசும் செய்து அனுப்புகிற பூமி. ஒரு குச்சியை உரச அங்கே ஒரு கை இல்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். நான்? நான் அவளுக்கும் பின்னால் இருந்தேன்.

பூசாரி எல்லார் முகத்தையும் பார்த்தார். தீப்பெட்டியை மடியில் சொருகிக்கொண்டார். கற்பூரத்தை எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரைக் கையில் அள்ளி அம்மன் பாதத்தில் விட்டார். வேப்பிலையை எடுத்து, தீபாராதனை காட்டுவதுபோலவே மூன்று சுற்றுச் சுற்றினார்.

"கற்பூரம் காட்டாம விட்டா ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டாளா?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

"அவளும் அன்னைக்கு இங்கனதான இருந்தா?" என்றார் பூசாரி. "அவளுக்கும் பயந்துதான் போயிருக்கும்."

எத்தனையோ கோயிலில் கைகூப்பியிருக்கிறேன் — அன்று கூப்பியதுதான் கும்பிடு.